பா. சிங்காரத்துக்கு நம்ம கடற்கரையில் ஒரு நாள்

இங்கிலாந்தில் பாத் நகரத்தில் வருஷா வருஷம் செப்டம்பரில் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினுக்கு விழா எடுக்கிறார்கள். 2025இல் அவர் பிறந்து 250 வருஷம். அந்த வீடியோக்களை ராத்திரி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டிமார், காலேஜ் பிள்ளைகள் எல்லாரும் அந்தக் காலத்து உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவர் 1801 முதல் 1806 வரை குடியிருந்த ஊர்த் தெருக்களில் ஊர்வலம் போகிறார்கள், அன்றைய நடனத்தைப் பழகி ஆடுகிறார்கள். வெறும் வேஷம் என்றார் நண்பர் ஒருவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழைச் சேற்றில் மூன்று மைல் நடந்து, காய்ச்சலாகக் கிடக்கும் அக்காவைப் பார்க்க ஒரு பெண் போவாள் அவர் நாவலில். அந்தப் பாவாடையில் நாலு தெரு நடந்தவருக்குத்தான் அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

நம்மிடம் எழுத்தாளர் விழா என்றால் மேடை, பொன்னாடை, நன்றியுரை. சரி, அதோடு முடிந்தது.

பா. சிங்காரம் 1920இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். அன்றைக்கு அது நம்ம ராமநாதபுரம் ஜில்லா. இளவயதில் கப்பலேறி இந்தோனேசியாவின் மேடான் நகரத்துக்குப் போய், யுத்தம் முடிந்து திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர் எழுதியது இரண்டே நாவல். யுத்தகாலத்தில் அக்கரைத் தமிழர்கள் வாழ்ந்த கதையைச் சொல்லும் 'புயலிலே ஒரு தோணி' 1972இல்தான் அச்சானது. அவர் நூற்றாண்டும் கொரோனா வருஷத்தில் வந்து ஓசையில்லாமல் போய்விட்டது, எனக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

என் தாத்தா பினாங்கில் கடைப்பையனாக இருந்தவர். யுத்தத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அடித்த, வாழைமரப் படம் போட்ட நோட்டு ஒன்று அம்மாவின் தகரப்பெட்டியில் இருக்கிறது. சண்டை முடிந்ததும் செல்லாமல் போன காசு. சின்ன வயதில் அதை எடுத்துக் கடை விளையாட்டு விளையாடி அடி வாங்கினேன். நாவலைப் படித்த பிறகுதான் தாத்தா ஏன் அப்படி அடித்தார் என்று விளங்கியது.

அதனால் கேட்கிறேன், நம்ம கரையில் ஒரு நாள் செய்வோமே. கீழக்கரையில் கிண்டும் தொதல் என்கிற அல்வா மாதிரித் தின்பண்டம் மலாய்க்காரர்களின் டோடோல்தான், பெயர்கூட மாறவில்லை. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்த்து, கை ஓயும்வரை பிள்ளைகளே கிண்டட்டும். ஒரு திண்ணையை நாவலில் வருகிற மாதிரி அக்கரை வட்டிக்கடை ஆக்கி மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடைச் சிப்பந்திகளாக உட்கார்ந்து பேரேடு எழுதட்டும். அப்புறம் பொழுது சாயும் நேரத்தில் கரையில் கட்டிய படகில் ஏறி, தொங்கான் என்கிற சரக்குக் கப்பல் புயலில் மாட்டுகிற அந்தப் பகுதியை யாராவது உரக்க வாசிக்க வேண்டும். டிசம்பர் காற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கவுரை எதற்கு?

ஆகஸ்ட் 12 அவர் பிறந்தநாள். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரைப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய பேரேடு, அக்கரைக் கடிதம், பெரிய தொதல் சட்டி இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.