அடுத்த பங்க் காருல!

(இமாச்சலப் பிரதேசம், லாஹௌல். அடல் சுரங்கத்தின் 9.02 கிலோமீட்டரை முந்தாமல், ஹாரன் அடிக்காமல் கடந்து, லடாக்கின் லே நகருக்குப் போகும் கோவைப் பதிவெண் கார், தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் நிற்கிறது. ஸ்டியரிங்கில் பழனிச்சாமி. பக்கத்தில், மடியில் நோட்டுப் புத்தகத்தோடு சரோஜா.)

சரோஜா: டேங்க் நெறையப் போடச் சொல்லுங்க மாமா. தாண்டியைத் தாண்டினா அடுத்த பங்க் காருலதான்.

பழனிச்சாமி: காருல ஏது பங்க்? டிக்கியிலயா?

சரோஜா: காருங்கறது ஊருங்க. லேவுக்கு 35 கிலோமீட்டர் முன்னாடி. போர்டப் பாருங்க, அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு எழுதியிருக்கான்.

பழனிச்சாமி: நாளுக்கு ஒரு கிலோமீட்டரு போனாக்கூட ஒரு வருசத்துல போயிரலாம்.

சரோஜா: போர்டு லே வரைக்கும் கணக்குச் சொல்லுது. காரு 330லயே வந்துரும். ஊருல லிட்டருக்குப் பதினாறு குடுக்கற வண்டி, மலையில பன்னெண்டு குடுத்தாப் பெருசு. 28 லிட்டரு ஆகும். டேங்க் 37. மிச்சம் ஒம்பது, வழியில மண்ணு சரிஞ்சு திரும்ப வேண்டி வந்தா அதுக்கு.

பழனிச்சாமி: நான் வேற நாலு தண்ணி பாட்டலு கொண்டாந்தேன், பெட்ரோல் புடிக்க.

சரோஜா: அதுல தண்ணியே புடிச்சுக்குங்க. பெட்ரோலுக்கு இரும்புக் கேன்தான். பத்து லிட்டர் கேன்ல எட்டோட நிறுத்தணும். கழுத்து வரைக்கும் ரொப்பினா மேல போகப் போக ஆவி முட்டும்.

(ஜிஸ்பாவில் இரண்டு இரவு தங்கியாயிற்று. விடிகாலை ஐந்துக்குக் கிளம்பி, தார்ச்சா தாண்டி, ஜிங்ஜிங்பார் பக்கம். சாலைக்குக் குறுக்கே ஓடை.)

பழனிச்சாமி: இந்தத் தண்ணிக்கா ராவோட ராவா எழுப்பி உட்ட? கெண்டைக்கால் நனையாது.

சரோஜா: நனையக் கூடாதுன்னுதானுங்க எழுப்பினது. ராத்திரி மேல பனி உறைஞ்சு கெடக்கும். வெயில் ஏற ஏற உருகி, மத்தியானத்துல இதே எடத்துல பம்பரைத் தொடும்.

பழனிச்சாமி: நொய்யல் வெள்ளத்தையே பாத்தவன் அம்மிணி நானு.

சரோஜா: நொய்யல்ல நீங்க பாத்தது நொரை. இருங்க, அந்த லாரி மொதல்ல போகட்டும். அவன் சக்கரம் போற தடத்துலதான் குழியிருக்காது. ஆச்சா? பர்ஸ்ட் கியரு. கிளட்ச்ச முழுசா உட்டுருங்க. ஆக்சிலேட்டரு ஒரே சீரா. நடுவுல கியரு மாத்தாதீங்க, கால எடுக்காதீங்க. எடுத்தா சைலன்சருக்குள்ள தண்ணி ஏறும்.

பழனிச்சாமி: நடுவுல நின்னு போச்சுன்னா?

சரோஜா: சாவியத் தொடாதீங்க. காத்து போற குழாய் வழியா இஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா, ஸ்டார்ட் பண்ணினதும் பிஸ்டன் அதை அமுக்கப் பாக்கும். தண்ணி அமுங்காது. கனெக்டிங் ராடுதான் வளையும்.

பழனிச்சாமி: உன்னையாட்டவே. உன்கிட்ட வளைஞ்சது நானு.

(கார் குலுங்கிக் குலுங்கிக் கரையேறுகிறது.)

சரோஜா: இப்ப பிரேக்க லேசா மூணு நாலு தடவ மிதிச்சு உடுங்க. நனைஞ்ச பிரேக் புடிக்காது.

(பாரலாச்சா லா என்னும் மலைக் கணவாய், 4,890 மீட்டர். பின் சீட்டில் 'டப்'பென்று ஒரு சத்தம்.)

பழனிச்சாமி: போச்சு! டயரு போச்சு!

சரோஜா: டயரு இல்லீங்க, பருப்புப்பொடி. சீட்டெல்லாம் பாருங்க, மஞ்சக் குளிச்சாப்பல இருக்குது.

பழனிச்சாமி: சும்மா இருந்த பாக்கெட்டு ஏன் வெடிக்குது?

சரோஜா: அதுக்குள்ள இருக்கறது கோயமுத்தூரு காத்து. இங்க வெளிய காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கறதுல பாதிக்குச் சித்த மேல, அவ்வளவுதான். உள்ள இருக்கறது முட்டித் தள்ளுது. அதுக்குத்தான் ஒவ்வொரு பாக்கெட்டையும் ஊசியில ஒரு குத்துக் குத்தி டேப் ஒட்டி வைங்கன்னு சொன்னேன்.

பழனிச்சாமி: டேப்பு ஒட்டினேனே. டபுளா ஒட்டினேன்.

சரோஜா: குத்தினீங்களா?

பழனிச்சாமி: குத்தினா நமுத்துப் போயிருமேன்னு...

சரோஜா: ஷாம்பு பாட்டலு?

பழனிச்சாமி: அதுக்கும் டபுள் டேப்பு.

சரோஜா: அதைக் கையில தொடாதீங்க. துண்டச் சுத்தி நானே மெதுவாத் தொறந்துக்கறேன்.

(சர்ச்சு, 4,290 மீட்டர். இமாச்சலம் முடிந்து லடாக் தொடங்கும் வெட்டவெளி. வரிசையாக வெள்ளைக் கூடாரங்கள். கார் தானாக வேகம் குறைகிறது.)

சரோஜா: ஏனுங் மாமா, வண்டி நிக்குது?

பழனிச்சாமி: கூடாரமெல்லாம் எத்தனை அழகா இருக்குது பாரு. ராத்திரியில நட்சத்திரம் கொட்டிக் கெடக்குமாமா. ஒரே ஒரு ராத்திரி...

சரோஜா: எத்தனை குடுத்தீங்க?

பழனிச்சாமி: என்னது?

சரோஜா: அட்வான்சு.

பழனிச்சாமி: ...ஐநூறு. உனக்குச் சொல்லாமச் செய்யலாம்னு பாத்தேன்.

சரோஜா: ஐநூறு போனாப் போகுது. ஜிஸ்பா 3,200 மீட்டர். லே 3,500. ராத்திரிக்கு ராத்திரி பாத்தா முந்நூறுதான் ஏத்தம். பகல்ல எத்தனை ஒசரம் போய் எறங்கினாலும், படுக்கற எடந்தான் கணக்கு. மூவாயிரத்துக்கு மேல போயிட்டா ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல படுக்கைய ஏத்தக் கூடாது. இங்க படுத்தா ஒரே தாவுல 1,090.

பழனிச்சாமி: தலை வலிச்சா எறங்கிப் போயிட்டாப் போச்சு.

சரோஜா: எங்க எறங்குவீங்க? பின்னாடி போனா பாரலாச்சாவ மறுபடி ஏறணும். முன்னாடி போனா நக்கீ லா, லாச்சுலுங் லா, டாங்லாங் லா, மூணு கணவாயும் இந்த சர்ச்சுவைவிட ஒசரம். எறங்கறதுக்கே ஏறணும் இங்க. அண்டாக்குள்ள உழுந்த எலியாட்டப் பொழப்பு. ஆமா, பாரலாச்சாவுலருந்து எதுக்கு நெத்தியப் புடிச்சுட்டே வர்றீங்க?

பழனிச்சாமி: அது காப்பி குடிக்காத வலி.

சரோஜா: காலையிலருந்து தண்ணி எத்தனை குடிச்சீங்க?

பழனிச்சாமி: குடிச்சா வண்டிய நிறுத்தணுமேன்னு...

சரோஜா: ஒசரம் ஒத்துக்கறதுக்கான மாத்திரை? சல்பா மருந்து ஒத்துக்குமான்னு கேட்டுட்டு டாக்டரு எழுதிக் குடுத்தாரே, அசிடசோலமைடு 125 மில்லிகிராம், காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஏறறதுக்கு மொத நாளே ஆரம்பிங்கன்னு?

பழனிச்சாமி: அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருமாமா. வெரலெல்லாம் ஊசி குத்துமாமா.

சரோஜா: ஆமா, எனக்குக் குத்துது, சும்மாதான இருக்கேன். எறங்குங்க. இந்தக் கோட்டு மேல, குதிகாலக் கட்டை வெரலோட ஒட்டி ஒட்டி வெச்சு, பத்தடி நடங்க.

பழனிச்சாமி: ஏட்டையா குடிகாரன நடக்கச் சொல்றாப்பல...

சரோஜா: தள்ளாடினா மூளையில நீர் கோக்குதுன்னு சந்தேகம். அப்பறம் யோசனையே கெடையாது, அந்த நிமிசமே கீழதான்.

(பழனிச்சாமி நடக்கிறார். தாபாவில் டீ குடித்துக்கொண்டிருந்த நாலு லாரிக்காரர்கள் கைதட்டுகிறார்கள்.)

சரோஜா: நேராத்தான் நடக்கறீங்க. இப்படியே உக்காந்து தண்ணியக் குடிங்க, ஒரு பாரசிட்டமால் போடுங்க. வலி சுத்தமாப் போனாத்தான் வண்டி மேல ஏறும். இல்லைன்னா ஜிஸ்பாவுக்குத் திருப்பறோம்.

பழனிச்சாமி: அப்ப லே?

சரோஜா: அது எங்கயும் ஓடிப் போகாது.

(ஒன்றேகால் மணி நேரம், ஒன்றரை லிட்டர் தண்ணீர், மூன்று முறை பாறை மறைவு. வலி போயிற்று.)

பழனிச்சாமி: இது என்ன, கட்டா லூப்ஸா? 21 கொண்டை ஊசியாமா. வால்பாறை நாப்பது, கொல்லிமலை எழுவது ஓட்டினவன்கிட்ட 21!

சரோஜா: கொல்லிமலை முடியற ஒசரம் ஆயிரத்துச் சொச்சம். தொட்டபெட்டாவே 2,637தான். இங்க மொத வளைவே 4,100க்கு மேல. ஏசிய அமத்துங்க.

பழனிச்சாமி: செகண்டு இழுக்க மாட்டேங்குது அம்மிணி. இஞ்சின்ல என்னவோ கோளாறு.

சரோஜா: கோளாறு இல்லீங்க, அதுக்கும் மூச்சு வாங்குது. டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி, ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் தெம்பு போயிரும். பர்ஸ்டுக்கு வாங்க. எதுக்க எறங்கற வண்டிக்காக நிக்காதீங்க, ஏறற வண்டிக்குத்தான் மொத வழி.

பழனிச்சாமி: அதென்ன, வளைவோரத்துல மலையாட்டத் தண்ணி பாட்டலு?

சரோஜா: இங்க ஒரு லாரி கிளீனர் தனியா மாட்டித் தாகத்துல செத்தான்னு ஒரு கதை. அவனுக்குப் போறவங்க வெச்சுட்டுப் போறது. பாத்தீங்கல்ல? நீங்களும் ஒரு வாய் குடிங்க.

(பாங், 4,600 மீட்டர். தகரக் கொட்டகை தாபா.)

பழனிச்சாமி: அடுப்புல சோத்துப் பானை தளதளன்னு கொதிக்கறதைக் காணோமே. எல்லாம் குக்கராவே வெச்சிருக்கறாங்க.

சரோஜா: இங்க தண்ணி 85 டிகிரியிலயே கொதிச்சுரும். தெறந்த பானையில வெச்சா கொதிச்சுட்டே கெடக்கும், அரிசி வேகாது.

பழனிச்சாமி: உங்க சித்தப்பனாட்ட. கொதிப்பாரு, ஒண்ணும் வேகாது.

சரோஜா: ராஜ்மா சோறு சொல்லுங்க. வயிறு முட்டத் திங்காதீங்க.

(மோரே சமவெளி. நாற்பது கிலோமீட்டர் நேர்ச்சாலை. பழனிச்சாமியின் கால் அழுந்துகிறது. எல்லைச் சாலை அமைப்பின் மஞ்சள் பலகை ஒன்று வருகிறது.)

பழனிச்சாமி: டார்லிங், உன்னைப் புடிச்சிருக்கு, ஆனா இத்தனை வேகம் வேண்டாம்னு எழுதியிருக்கான்.

சரோஜா: சர்க்காரு போர்டாவது டார்லிங்குங்குது.

(டாங்லாங் லா, 5,328 மீட்டர். ஐந்து நிமிடம், ஒரு படம், ஓட்டம் கிடையாது. பிறகு இறக்கம்.)

சரோஜா: கருகின வாடை வருது. நியூட்ரல்ல உருட்டறீங்களா?

பழனிச்சாமி: பெட்ரோல் மிச்சம்னு...

சரோஜா: ஏறின கியருலயே எறங்கணும். இஞ்சினு புடிக்கட்டும். பிரேக்கையே மிதிச்சுட்டிருந்தா சூட்டுல பிரேக் ஆயில் கொதிச்சு, பெடல் மெத்தையாட்ட உள்ள போயிரும். ஓரமா நிறுத்துங்க, இருவது நிமிசம் ஆறட்டும். பாட்டல எதுக்கு எடுக்கறீங்க?

பழனிச்சாமி: சக்கரத்துல ஊத்தத்தான்.

சரோஜா: பழுத்த டிஸ்க்குல பச்சத்தண்ணி பட்டா நெளிஞ்சுரும். குடிங்க அதை.

(உப்ஷி. சிந்து நதி கூடவே ஓடத் தொடங்குகிறது. நாளெல்லாம் ஊமையாகக் கிடந்த சரோஜாவின் போன் கிணுகிணுக்கிறது.)

பழனிச்சாமி: என்ற போனு செத்தே கெடக்குது.

சரோஜா: வெளியூரு பிரீபெய்டு சிம் லடாக்குல எடுக்காது, என்றது போஸ்ட்பெய்டு. (வாசிக்கிறாள்) 'வணக்கம் பழனிச்சாமி சார். சர்ச்சுவில் உங்கள் கூடாரம் தயார். முழுத்தொகை 5,000 ரூபாய் பெற்றுக்கொண்டோம். எத்தனை மணிக்கு வருகிறீர்கள்?'

பழனிச்சாமி: உன்ற நம்பருக்கா வந்துச்சு?

சரோஜா: நீங்கதானுங்க குடுத்திருக்கறீங்க. ஐநூறுன்னீங்க?

பழனிச்சாமி: அது வந்து... மேல காத்தழுத்தம் கம்மியா இருந்துச்சா...

சரோஜா: கம்மியானா உப்பணுமுங்க மாமா. பொடிப் பாக்கெட்டு உப்புச்சு, ஷாம்பு உப்புச்சு. உங்க அஞ்சாயிரம் மட்டும் எப்படி ஐநூறாச் சுருங்குச்சு?

பழனிச்சாமி: டபுளா டேப் ஒட்டியிருந்தேன் அம்மிணி.