1990 இலக்கமும் நெடுந்தீவு ஹெலிகொப்டரும்

ஒருவர், யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கிற தீவான நெடுந்தீவில் யாருக்கும் அவசரமென்றால் 1990-க்கு அழைத்தால் போதும், ஹெலிகொப்டர் வந்து யாழ்ப்பாணம் கொண்டுபோகும் என்று எழுதியிருக்கிறார். பலர் அதைப் பகிர்ந்தும் விட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார், ஆனால் விஷயம் அப்படி இல்லை.

1990 என்பது சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவை. 2016-இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018-இல் வடக்குக்கும் வந்தது. அது தரைவழிச் சேவை. அதனிடம் ஹெலிகொப்டர் கிடையாது.

நெடுந்தீவிலிருந்து நோயாளிகளை ஹெலிகொப்டரில் கொண்டுவந்தது உண்மைதான். அதில் வந்தது விமானப்படையின் ஹெலிகொப்டர். நோயாளியின் நிலையைப் பார்த்து, வைத்தியசாலைத் தரப்பு கேட்டு ஒழுங்கு செய்கிற விஷயம் அது. வீட்டிலிருந்து அழைத்து வரவழைப்பதல்ல. பறக்க காலநிலையும் இடம் கொடுக்க வேண்டும். பல நோயாளிகள் கடற்படைப் படகில்தான் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து வாகனத்தில் யாழ் போதனா வைத்தியசாலைக்குப் போகிறார்கள்.

அதனால் தீவில் இருப்பவர்கள் முதலில் நெடுந்தீவு பிரதேச வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சுவலிக்காரரை வீட்டில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்து நிற்கக் கூடாது, அந்தப் பயத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சரிபார்க்க விரும்பினால் சுவசெரியவின் உத்தியோகபூர்வ இணையத்தளத்தில் என்ன சேவை என்று போட்டிருக்கிறார்கள், பாருங்கள். தீவு வைத்தியசாலையிலோ யாழ் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையிலோ கேட்டாலும் சொல்வார்கள். தயவுசெய்து, சோதித்துப் பார்க்க மட்டும் 1990-க்கு அடிக்காதீர்கள். அந்த நேரத்தில் உண்மையான அவசரக்காரர் ஒருவர் காத்திருக்கக்கூடும்.