கிரைண்டரைக் கீழ வையுங்கவே!

இன்னைக்கும் ஒரு வீடியோ வந்திருக்கு. திருநெல்வேலி ரதவீதிப் பக்கம் ஏதோ ஒரு பழைய கடை. ஆளுயர இரும்பு பீரோ, கதவுல நம்பர் டயல், பக்கத்துல கைப்பிடி. கீழ ஒரு வரி: "கேஸ் கட்டர் வச்சும் தொறக்க மாட்டேங்கு, யாராச்சும் ஐடியா சொல்லுங்க." ஐடியா கேக்குத நேரமாவே இது?

முதல்ல இருந்து வாரேன். பெரியவர் ஒருத்தர் கையில துண்டுச்சீட்டு. அதுல நம்பர் இருக்கு. நல்லாக் கேட்டுக்கோங்க, நம்பர் இருக்கு, தொலையல! "முப்பது, அறுவத்தஞ்சு, நாப்பது"னு தெருவுக்கே கேக்குத மாதிரி வாசிக்காரு, அது தனிக் கூத்து. டயல் பக்கத்துல நிக்கவன் அவரு மருமவன் போல. எடுத்த எடுப்புல வலது பக்கம் ஒரு சுத்து, முப்பதுல நிப்பாட்டுதான். பொறவு இடது பக்கம் அறுவத்தஞ்சு. பொறவு வலது பக்கம் நாப்பது. கைப்பிடியப் புடிச்சு ஒரு இழு. தொறக்கல. "மாமா, நம்பர் தப்பு."

நம்பர் தப்பாலே, இல்ல நீ தப்பாலே?

உள்ள மூணு சக்கரம் இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு வெட்டு. மூணு வெட்டும் ஒரே நேர்ல வந்து நின்னாத்தான் மேல இருக்கிற கம்பி அதுக்குள்ள விழும், தாழ் நகரும். டயல் நேரா மூணையும் திருப்பாது. ஒண்ணு அடுத்ததத் தட்டி, அது அதுக்கடுத்ததத் தட்டித்தான் சுத்தும். அதனாலதான் முதல் நம்பருக்கு இடது பக்கம், அதாவது கடிகார முள்ளுக்கு எதிரா, சுத்திக்கிட்டே இருந்து அந்த நம்பர் டயலுக்கு மேல இருக்கிற கோட்டுக்கு நாலாவது தடவை வரும்போது நிப்பாட்டணும். ரெண்டாவது நம்பருக்கு வலது பக்கம், மூணாவது தடவை வரும்போது. மூணாவது நம்பருக்குத் திரும்ப இடது பக்கம், ரெண்டாவது தடவை வரும்போது. கடைசியா வலது பக்கம் பைய, தானா முட்டி நிக்கிற வரைக்கும். அதுக்குப் பொறவுதான் கைப்பிடி. சுத்தை எண்ணக் கூடாது, நம்பர் கோட்டுக்கு எத்தனை தடவை வருதுன்னு எண்ணணும். சில மாடல்ல திசை தலைகீழா இருக்கும், அதையும் ஒருக்கா மாத்திப் பாத்துரணும்.

மருமவன் ரெண்டாந்தடவை போடுதான். அறுவத்தஞ்சைத் தாண்டி அறுவத்தேழுக்குப் போயிட்டு, ரெண்டு கோடு பின்னால கொண்டாந்து வைக்கான். போச்சு! தாண்டினா பின்னால வரப்படாது. வந்தா டயல் மட்டுந்தான் வரும், உள்ள சக்கரம் தாண்டின எடத்துலயே நிக்கும். முதல்ல இருந்துதான் போடணும். ஆனா அவன் அப்படியே நாப்பதுக்குப் போறான், கைப்பிடியில தொங்குதான், "சாமி சத்தியமா இந்த நம்பர் இல்ல"ங்கான். இன்னொரு கோட்டி, டயலுக்கு மேல 12 மணி எடத்துல கோடு இருக்க, இடது பக்கம் சாய்ஞ்சாப்ல இருக்கிற சின்னக் கோட்டைக் காட்டி "இதுக்கு நேரா வைலே"ங்கான். அந்தக் கோடு நம்பர் மாத்துறதுக்கு மட்டுந்தான். ஆயுசு பூரா அதுல வச்சாலும் கதவு தொறக்காது.

அப்பமாவது யாராச்சும் ஒருத்தர் "டயல் பழசு, ஒரு கோடு நகர்ந்திருக்கும்"னு சொல்லக்கூடாதா? மூணு நம்பரையும் ஒவ்வொண்ணு கூட்டி 31-66-41, ஒவ்வொண்ணு கொறச்சு 29-64-39. அதுலயும் வரலைன்னா ஒவ்வொரு நம்பரையும் தனித்தனியா ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. மொத்தமே 27 சேர்க்கை. ஒண்ணுக்கு ஒரு நிமிசம் வச்சாலும் அரை மணி நேரம். பொறுமையில்ல! அங்க நிக்கிற ஒரு மேதை சொல்லுதாரு, "எல்லா நம்பரையும் வரிசையாப் போட்டுப் பாத்துருவோம்." நூறு நூறா மூணு சக்கரம், பத்து லட்சம் சேர்க்கை. ஒரு கோடு விட்டு ஒரு கோடு போட்டாப் போதும், கடைசி நம்பரு 0-லேருந்து 20-க்குள்ள வைக்கப்படாதுன்னு கழிச்சாக்கூட ஒரு லட்சம். சோறு தண்ணி தூக்கம் இல்லாம நிமிசத்துக்கு ஒண்ணு போட்டா அறுவத்தொம்பது நாள். உக்காருங்க சார், சேர் போடுதோம்.

கைப்பிடியில தொங்குறதைப் பத்திச் சொல்லியாகணும். உள்ள குத்துவிளக்கு, பித்தளைத் தாம்பாளம், கணக்கு நோட்டுன்னு திணிச்சுக் கதவை முட்டுக் கொடுத்து அடச்சிருப்பாங்க. தாழ் மேல பாரம் உக்காந்திருக்கும். நம்பர் சரியாப் போட்டாலும் நகராது. முட்டியால கதவை உள்ள அமுக்கி, கைப்பிடியப் பூட்டுற பக்கம் ஒரு நூல் தள்ளி, பாரத்தை எடுத்துட்டு டயல் போடணும். இவன் வெளிய இழுத்துக்கிட்டே டயலைச் சுத்துதான்.

பொறவு வந்தாருவே ஸ்ப்ரே அண்ணாச்சி! டயல் இடுக்குல எண்ணெயைப் பீச்சுதாரு. உள்ள சக்கரங்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, நிக்க வேண்டிய சக்கரமும் சேர்ந்து சுத்தும், தூசியும் அப்பும். 2023 டிசம்பர் 17, 18-ல தாமிரபரணி ஊருக்குள்ள வந்தப்போ தண்ணியில நின்ன பூட்டுன்னா கூட, மொதல்ல காத்தாட விட்டு ஈரத்தை வாங்கணும், டயல் சொரசொரன்னு இருந்தா விவரம் தெரிஞ்சவரைக் கூப்பிடணும். பீச்சப்படாது.

அடுத்தது சுத்தியல். டயலை அடிச்சுப் பேத்துட்டானுவ. இங்கதான் எனக்கு நெஞ்சு அடைக்கு. நல்ல பீரோவுல இதுக்குன்னே ஒரு பொறி வச்சிருப்பான். டயல் தண்டை அடிச்சு உள்ள தள்ளினாப் பூட்டோட பின்மூடி பிடுங்கிக்கும், உடனே வேற ஒரு தாழ் விழுந்து தானாப் பூட்டிக்கும். அதுக்குப் பொறவு சரியான நம்பரைப் போட்டாலும் வராது. போட டயல் எங்க இருக்கு, அது தரையில கெடக்கு.

இப்பந்தான் கிரைண்டர். பூட்டு இருக்கிற எடத்துல கடினத் தகடு இருக்கும், சாதாரண கட்டிங் வீலும் டிரில் பிட்டும் அதுல பல்லிளிக்கும். வீல் உடைஞ்சு பறக்குது, மூஞ்சிக்குக் கண்ணாடி கெடயாது. கடைசியா கேஸ் கட்டர். அசிட்டிலீன் தீ 3,000 டிகிரிக்கு மேல. தீ தாங்குற பெட்டியில உள்ள 177 டிகிரிக்கு மேல போகப்படாதுன்னு அளவு வச்சிருக்கான். அதுக்கு மேல போனாக் காயிதம் கருகிரும்ல! உள்ள இருக்கது மூலப்பத்திரம். பதிவான பத்திரம்னா சார்பதிவாளர் ஆபீசுல நகல் வாங்கிக்கிடலாம், பட்டாவை ஆன்லைன்ல எடுத்துக்கிடலாம். ரூபா நோட்டு கருகித் தொட்டா உதிர்ந்தா பேங்க்ல வாங்க மாட்டான், சென்னையில இருக்கிற ரிசர்வ் வங்கி வெளியீட்டு அலுவலகத்துக்குத்தான் போகணும். நெல்லை எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டுக்கோங்க.

விவரமானவர் என்ன செய்வாரு? மொதல்ல பூட்டு என்ன மாடல்னு பாப்பாரு. பெட்டியோட சீரியல் நம்பர், ரசீது, ஆதார் கேப்பாரு. கேக்காம வாரவனை உள்ளயே விடாதீங்க. ஆள் செத்துப்போன கேசுன்னா வாரிசுச் சான்றிதழை எடுத்து வச்சு, வாரிசுக எல்லாரையும் நிக்க வச்சுத் தொறக்கணும், இல்லேன்னா "உள்ள அம்பது பவுன் இருந்துச்சு"ன்னு ஒரு சித்தி எங்கிருந்தாச்சும் முளைப்பா. பொறவு அந்த மாடலுக்குன்னு உள்ள எடத்துல பென்சில் தடிக்கு ஒரே ஒரு ஓட்டை, அதுக்குள்ள குழாய்க் கேமரா விட்டுச் சக்கரத்தைப் பாத்து நேர்ல கொண்டாந்து தொறப்பாரு. பூட்டை மாத்தி, ஓட்டையில கடின எஃகு முளை அடிச்சு அடைச்சா பீரோ பழையபடி நிக்கும். நம்பர் மாத்தினா கதவைத் தொறந்து வச்சுக்கிட்டே மூணு தடவையாவது போட்டுப் பாத்துட்டுத்தான் அடைக்கணும்.

இந்தச் சின்ன எலக்ட்ரானிக் பெட்டி வச்சிருக்கவங்க சிரிக்காதீங்க. உங்க கூத்து இதைவிடப் பெருசு. பேட்டரி போனா அவசரத்துக்குன்னு ஒரு சாவி கொடுத்திருப்பான், முகப்புல சின்ன மூடிக்குக் கீழ அதுக்குத் துவாரம் இருக்கும். அந்தச் சாவி எங்க இருக்கு? பத்திரமா இருக்கட்டும்னு பெட்டிக்குள்ள! நம்பர் எழுதின புத்தகம்? அதுவும் உள்ள! மூணு நாலு தடவை தப்பா அமுக்கினா கொஞ்ச நேரம் பூட்டிக்கும்னு தெரியாம அமுக்கு அமுக்குன்னு அமுக்குதாங்க. சில மாடலுக்கு 9 வோல்ட் ஆல்கலைன் பேட்டரிதான் வேணும். மலிவு பேட்டரி பீப் சத்தம் கொடுக்கும், தாழை இழுக்கத் திராணி இருக்காது.

அந்தப் பேட்டரியை வாங்கக் கடைக்குப் போனா ரெண்டு பென்சில் செல்லை எடுத்து நீட்டுதாரு. இல்ல அண்ணாச்சி, சதுரமா இருக்கும்னு படம் போட்டுக் காட்டி, ஒரு வழியா எடுத்தாருன்னு வைங்க, பத்து ரூபா காயினைக் கொடுத்தா "இது செல்லாது"ங்காரு. 14 டிசைனும் செல்லும்னு 2018-லயே ரிசர்வ் வங்கி சொல்லியாச்சு. சொன்னா, "அது அங்க, இங்க செல்லாது." சரின்னு நூறு ரூபா நோட்டை நீட்டினா, சில்லறை தரும்போது மட்டும் கல்லாவுக்கு அடியில இருந்து அதே காயினை நாலு எடுத்து நோட்டுக்கு நடுவுல சொருகித் தாராருவே!