பொருளியல் முதலாண்டுப் பிள்ளைகளின் கையில் ஒரு வினாப்பட்டியலையும் கொடுங்கள்

பொருளியல் படிக்கும் பிள்ளை முதலாண்டை முடிப்பதற்குள் பத்து வீட்டுக் கதவையாவது தட்டிக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். ஏன் சொல்கிறேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தேசிய மாதிரி ஆய்வில் கள ஆய்வாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். 1950இல் புள்ளியியலாளர் மகலனோபிஸின் முனைப்பால் தொடங்கிய ஆய்வு அது. இந்த நாட்டில் எத்தனை பேருக்கு வேலை இருக்கிறது, ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்பதற்கெல்லாம் இன்றும் அதைத்தான் நம்பியிருக்கிறோம். இப்போது தில்லி மயூர் விஹாரில் வசிக்கிறேன். பொது நுழைவுத் தேர்வு எழுதித் தமிழ்நாட்டிலிருந்து இங்குள்ள கல்லூரிகளுக்கு வந்திருக்கும் பிள்ளைகள் சிலர், புள்ளியியலில் சந்தேகம் கேட்க ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவார்கள். அவர்களுடைய நோட்டுகளைப் பார்த்துப் பார்த்து முதலாண்டுப் பாடம் எனக்கும் பழகிவிட்டது.

முதல் பருவத்தில் நுண்பொருளியல், கணிதம், புள்ளியியல். அடுத்த பருவத்தில் பேரியல் பொருளாதாரம். கூடவே மறுபடியும் கணிதம், புள்ளியியல். இந்தியப் பொருளாதாரம் என்ற தாள் பெரும்பாலும் பின்னால்தான் வருகிறது. ஆக, பதினெட்டு வயதில் ஊரைவிட்டு ஊர் வந்து பொருளியல் சேரும் ஒரு பெண், தன் நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றி வகுப்பில் கேட்பதற்கு முன்பே தேவைக் கோடு, அளிப்புக் கோடு, சமநிலை, நெகிழ்ச்சி, வகைக்கெழு, நிகழ்தகவு எல்லாவற்றையும் கடந்துவிடுகிறாள். கணிதத்தின் மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அது இல்லாமல் இன்றைய பொருளியலில் ஒரு கட்டுரையைக்கூடப் படிக்க முடியாது. முதலில் கற்பது மனத்தில் ஆழமாக ஊன்றிக்கொள்ளும் என்பதுதான் என் கவலை. உலகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் முன்பே, அது எப்படி இருக்க வேண்டும் என்ற கோட்டுப்படம் கண்ணுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கற்றுக்கொடுக்கும் கருத்துகள் சாதாரணமானவை இல்லை. வாய்ப்புச் செலவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது அதற்காக எதைக் கைவிடுகிறோமோ, அதுதான் அதன் உண்மையான விலை. முதல் வாரமே இது வந்துவிடுகிறது. கல்லூரியில் படிப்பதால் நீங்கள் இழக்கும் சம்பளம் என்று ஓர் உதாரணம் சொல்லிவிட்டு வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது.

இதே தில்லியில், ஜங்புராவில், பாராபுல்லா கால்வாய்க் கரையில் மதராசி கேம்ப் இருந்தது. பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஜூன் 1 அன்று அதை இடித்தார்கள். அங்கிருந்த 370 குடும்பங்களில் 189 குடும்பங்களுக்குத்தான் மாற்று வீட்டுக்குத் தகுதி உண்டு என்றார்கள். அந்த வீடுகளும் நகரத்தின் வடகோடியில், நரேலாவில். கேம்ப் பெண்களில் பலர் சுற்றுவட்டார வீடுகளில் சமையல், பாத்திரம், துடைப்பு என்று வேலை செய்தவர்கள். ஒரு வீட்டில் வேலை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான் அந்த இடத்தின் மதிப்பே. அப்படிப்பட்ட ஒரு பெண்ணுக்கு நரேலா வீட்டின் விலை என்ன? அவர் கட்ட வேண்டிய தொகை மட்டுமா? பஸ்ஸில் கழியும் நேரம், கைவிட்டுப்போகும் வீட்டு வேலைகள், பிள்ளை படித்த தமிழ்ப் பள்ளி, இவற்றையெல்லாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்தப் பெண்ணின் எதிரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிப் பார்க்கும் மாணவிக்கு வாய்ப்புச் செலவு என்ற கருத்து ஆயுளுக்கும் மறக்காது. அவளுடைய கல்லூரியிலிருந்து ஜங்புராவுக்கு மெட்ரோவிலேயே போய்விடலாம்.

நெகிழ்ச்சியும், அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதும், அப்படித்தான். விலை ஏறினாலும் வாங்கும் அளவு அதிகம் குறையாத பண்டத்துக்கு வெங்காயத்தைவிட நல்ல சான்று தில்லியில் கிடைக்காது. 1998 சட்டமன்றத் தேர்தலில் இங்கே ஆட்சி மாறியதற்கு வெங்காய விலையும் ஒரு முக்கியக் காரணம் என்பது ஊரறிந்த செய்தி. ஆசாத்பூர் மண்டியில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் நின்றால், அளிப்புக் கோடு என்பது லாரியாகவும் மூட்டையாகவும் கண்ணெதிரே வந்து இறங்கும்.

சென்ற பருவத்தில் தென்காசிப் பக்கத்து மாணவி ஒருத்தி நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். இரண்டே பண்டங்கள், ஒரு வரவு செலவுக் கோடு, அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் சமநோக்கு வளைகோடு, அதாவது நுகர்வோருக்கு ஒரே அளவு திருப்தி தரும் சேர்க்கைகளைக் காட்டும் கோடு. தொடும் புள்ளியை லக்ராஞ்சி என்ற கணித முறையில் நாலைந்து வரிகளில் கண்டுபிடித்திருந்தாள். அடித்தல் திருத்தல் இல்லாத அழகான வேலை.

“இந்த நுகர்வோர் யாரம்மா?” என்று கேட்டேன்.

“ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆன்ட்டி.”

“உன் வீட்டில் என்ன வாங்குவது என்று முடிவு செய்வது யார்?”

கொஞ்சம் யோசித்தாள். “அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் அம்மா. வண்டி வாங்குவது, நகையை அடகு வைப்பது அப்பா. அம்மா பீடி சுற்றி வாங்கும் காசு தனி. அது எவ்வளவு என்று அப்பாவுக்குத் தெரியாது.”

ஒரே வீட்டுக்குள் இரண்டு பணப்பைகள், இரண்டு விதமான முன்னுரிமைகள், ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் சேர்க்கும் பணம். குடும்பத்துக்குள் ஒத்துழைப்பும் மோதலும் சேர்ந்தே நடக்கின்றன என்று அமர்த்தியா சென் பல ஆண்டுகளுக்கு முன்பே விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பெண் அதைத் தன் வீட்டு அடுப்படியிலேயே பார்த்து வளர்ந்திருக்கிறாள். ஆனால் அது பொருளியல் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் வகுப்பறை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறோம். எனக்கு இதில்தான் மனம் ஆறவில்லை.

குறைந்தபட்சக் கூலிப் பாடத்துக்கு வருகிறேன். ஆட்களின் தேவையும் அளிப்பும் ஒத்துப்போகும் சமநிலைக் கூலிக்கு மேலே ஒரு கோடு போடு, தேவை குறையும், அளிப்பு கூடும், நடுவில் உள்ள இடைவெளிதான் வேலையின்மை. பிற நிலைமைகள் மாறாதிருப்பின் என்ற நிபந்தனையோடு இதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகள் படத்தை நினைவில் வைத்துக்கொண்டு நிபந்தனையை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தினார்கள். பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற பொருளியலாளர்கள் இருவர் இரு மாநிலங்களிலும் 410 துரித உணவகங்களைத் தொடர்புகொண்டு, கூலி உயர்வுக்கு முன்பும் பின்பும் எத்தனை பேர் வேலையில் இருந்தார்கள் என்று கேட்டார்கள். 1994இல் வந்த முடிவு: நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததற்குச் சான்று இல்லை. அதன்மேல் இன்றுவரை விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். கார்டுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தபோது க்ரூகர் உயிரோடு இல்லை. கோட்டுப்படம் சொன்னதை அப்படியே ஏற்காமல் கடை கடையாகக் கேட்டுப் பார்த்ததால் ஒரு துறையே தன் பாடத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. முதலாண்டில் கோட்டுப்படத்தைச் சொல்லிக்கொடுக்கும் அதே மணி நேரத்தில் இதையும் சொல்லிக்கொடுத்தால் என்ன?

இரண்டாம் பருவத்தில் ஒட்டுமொத்த உள்நாட்டு உற்பத்தியும் வேலையின்மை விகிதமும் வருகின்றன. என் வாழ்நாள் வேலையே இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியிருக்கிறது.

நெல்லைப் பக்கம் நான் பணியில் இருந்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து “என்ன வேலை செய்கிறீர்கள்?” என்று கேட்டால், “வேலையா? வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்” என்று பதில் வரும். சொல்பவரின் மடியில் சுளகு இருக்கும், சுளகில் நறுக்கிய இலையும் தூளும் இருக்கும். பேச்சு எங்கள் பக்கம், விரல்கள் பீடியின் பக்கம். எங்கள் படிவத்தில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு எண் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, மாட்டுத் தீவனம் சேர்ப்பது, வீட்டாருக்குத் துணி தைப்பது என்று செய்பவருக்கு 93. இந்த இரண்டு எண்ணில் எதைப் போட்டாலும் அவர் உழைப்பாளர் கணக்கிலிருந்தே வெளியே போய்விடுவார். வேலை இல்லாதவர் என்ற கணக்கிலும் வரமாட்டார், ஏனென்றால் அவர் வேலை தேடவும் இல்லை. “பீடிக் கட்டைக் கடையில் கொடுத்தால் காசு யார் கையில் வருகிறது? ஆயிரத்துக்கு எவ்வளவு?” என்று இன்னும் இரண்டு கேள்வி கேட்டால்தான் அவருக்கு உரிய எண் கிடைக்கும். நாட்டின் பெண் உழைப்பு விகிதம் என்று செய்தித்தாளில் வரும் எண்ணுக்குள் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள், கேட்காமல் எழுந்துபோனவர்களும் இருக்கிறார்கள்.

தேசிய வருமானத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தவர்களில் முதன்மையானவரான சைமன் குஸ்நெட்ஸ், 1934இல் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குக் கொடுத்த அறிக்கையிலேயே, இந்த எண்ணை வைத்து ஒரு நாட்டு மக்களின் நலனை முடிவு செய்ய முடியாது என்று எச்சரித்தார். இந்தியாவில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடும் நேரம் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அந்த 299 நிமிடங்களில் ஒரு நிமிடம்கூட உள்நாட்டு உற்பத்தியில் சேராது. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை கொடுக்கத் தொடங்கியபோது, இந்த உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னது. தொகை போதுமா, யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பது வேறு விவாதம். தேசியக் கணக்கைப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு இதைவிட அருகில் உள்ள உதாரணம் எது?

வீட்டுக்கு வீடு போகச் சொல்வது என் சொந்தக் கற்பனை இல்லை. நம் ஊரில் நடந்ததுதான். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கு முதல் பேராசிரியராக கில்பர்ட் ஸ்லேட்டர் வந்தார். இங்கிலாந்துக்காரர். இந்தக் கிராமங்களைப் பற்றித் தன்னைவிடத் தன் மாணவர்களுக்குத்தான் அதிகம் தெரியும் என்பதை உணர்ந்தவர். வினாப்பட்டியல் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்து, விடுமுறையில் அவரவர் கிராமத்துக்குப் போய் நிலம், பயிர், கூலி, கடன், வீடு, சாதி எல்லாவற்றையும் விசாரித்து எழுதிவரச் சொன்னார். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு, காஞ்சிபுரத்தை அடுத்த தூசி, நெல்லையின் கங்கைகொண்டான், சிவகாசிப் பக்கத்து வடமலைபுரம், கீழத்தஞ்சையின் பாலக்குறிச்சி என்று அந்த ஊர்களின் வாழ்க்கை 1918இல் அச்சேறியது. 1930களில் அதே ஊர்களுக்கு மறுபடியும் ஆய்வாளர்கள் போனார்கள். பிற்பாடும் போனார்கள். இருவேல்பட்டுக்கு 2008இல்கூடப் போனார்கள். ஒரே கிராமத்தின் ஏறத்தாழ நூறாண்டு மாற்றத்தை இன்று நம்மால் படிக்க முடிகிறது என்றால், அதற்கு முதல் கல் எடுத்து வைத்தவர்கள் கல்லூரி மாணவர்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன் பஸ்ஸும் செல்பேசியும் இல்லாத காலத்தில் செய்தார்கள். இப்போது எது தடுக்கிறது?

பாடச்சுமை என்பார்கள். புதிதாக ஒரு தாளே வேண்டாம். முதல் பருவப் புள்ளியியலில் சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு), விலக்கம், மாதிரி எடுத்தல் எல்லாம் எப்படியும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பகடையையும் வண்ணப் பந்துகளையும் வைத்துச் சொல்வதோடு, பிள்ளைகள் தாங்களே கொண்டுவந்த விவரத்தையும் வைத்துச் சொல்லட்டும். 60 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்குப் பத்து வீடு என்றால் 600 வீடுகளின் விவரம் கையில் இருக்கும். அதில் சராசரி வருமானம் ஏன் இடைநிலை வருமானத்தைவிட மேலே நிற்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அன்றைய வகுப்பு தானாக நடந்துவிடும். தனக்குத் தெரிந்த வீடுகளுக்கே எல்லாரும் போனதால் என்ன கோணல் வந்திருக்கிறது என்பதும் அங்கேயே பிடிபடும்.

2011 நவம்பரில் ஹார்வர்டில் முதலாண்டுப் பொருளியல் வகுப்பிலிருந்து சுமார் 70 மாணவர்கள் வெளிநடப்பு செய்தார்கள். ஒரே ஒரு சிந்தனைப் பள்ளியைத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பது அவர்கள் குறை. அது நியாயமான விவாதம்தான். ஆனால் எந்தப் பள்ளியின் பாடத்தைக் கற்றாலும், ஒரு கூலிக்காரரிடம் “நேற்று எவ்வளவு கிடைத்தது?” என்று கேட்டு எழுதத் தெரியாமல் ஒருவர் பட்டம் வாங்கக் கூடாது என்பது என் தரப்பு.

இங்கே படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் இதைப் படிப்பார்கள் என்பதால் கேட்கிறேன். அடுத்த விடுமுறையில் உங்கள் மகனோ மகளோ ஊருக்கு வரும்போது, தெருவில் பத்து வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். கேள்விகள் எளிமையாக இருக்கட்டும். வீட்டில் எத்தனை பேர், நேற்று யார் யார் என்ன வேலை செய்தார்கள், கூலி எவ்வளவு, தண்டல்காரரிடம் கடன் உண்டா, கையில் வந்தது எவ்வளவு, திருப்பிக் கட்டுவது எவ்வளவு, ரேஷன் அரிசி போக எவ்வளவு அரிசி வாங்குகிறார்கள். பெண்களிடம் பேசும்போது “சும்மா இருக்கிறேன்” என்ற பதிலோடு எழுந்துவிடாமல் இன்னும் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். பெயரை எழுத வேண்டாம், சொல்ல விரும்பாததை வற்புறுத்த வேண்டாம். படிவம் தயாரிக்கவும், திரும்பி வந்தபின் விவரத்தை அட்டவணையில் ஏற்றவும் நான் உட்கார்ந்து உதவுகிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.