அண்ணனின் 7.6, தங்கையின் 7.6

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்பதால், மேற்படிப்புக்கு ஜெர்மனி போக நினைக்கும் மாணவர்கள் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு என்னிடம் வருவது வழக்கம். 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு மாணவி தன் பட்டியலோடு அண்ணனுடையதையும் கொண்டுவந்து என் மேசையில் அருகருகே விரித்து வைத்தாள். அண்ணன் 2017-இல் படிப்பை முடித்தவர், தங்கை 2022-இல் முடித்தவள். பட்டம் வழங்கியது ஒரே பல்கலைக்கழகம், துறையும் ஒன்றே, இருவரின் சிஜிபிஏயும், அதாவது 10-க்குக் கணக்கிடும் ஒட்டுமொத்தத் தரப்புள்ளிச் சராசரியும், 7.6. அண்ணனின் 7.6 ஜெர்மன் கணக்கில் 2.4 ஆனது, 2.5 வரை ஏற்றுக்கொள்ளும் ஒரு முதுகலைப் படிப்பில் இடம் கிடைத்து, முடித்து, அங்கேயே வேலையில் இருக்கிறார். தங்கையின் 7.6-ஐ அதே கணக்கில் போட்டால் 2.8 வந்தது. "சார், அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மார்க்தானே?" என்று கேட்டாள். ஒரே மார்க்தான். அவள் கணக்கில் தவறு ஏதும் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள நானும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.

ஜெர்மனியில் 1.0 என்பது மிகச் சிறந்த தரம், 4.0 என்பது தேர்ச்சியின் கடைசிப் படி. எண் குறையக் குறையத் தரம் உயர்வு. வெளிநாட்டு மதிப்பெண்ணை இந்த அளவுக்குக் கொண்டுவர அங்கே பெரும்பாலும் பயன்படுத்துவது 'மாற்றியமைக்கப்பட்ட பவேரிய வாய்பாடு'. பெறக்கூடிய உச்ச மதிப்பெண்ணிலிருந்து நாம் வாங்கியதைக் கழித்து, வந்த விடையை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத்துக்கும் உள்ள இடைவெளியால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1-ஐக் கூட்ட வேண்டும். விடையில் முதல் தசம இலக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்ததை முழுமையாக்காமல் வெட்டிவிடுவார்கள். இதில் மாணவரின் கையில் இருப்பது ஒரே ஒரு எண்தான். மற்ற இரண்டையும் தீர்மானிப்பது அவர் படித்த பல்கலைக்கழகம்.

அண்ணன் படித்தது 2013 விதிமுறையில். அதில் தேர்ச்சிக்கான குறைந்தபட்சத் தரப்புள்ளி 5. தங்கை படித்தது 2017 விதிமுறையில். அதில் அது 6. ஆனால் தேர்வுத்தாளில் தேர்ச்சி பெற இரண்டிலுமே 50 மதிப்பெண்தான் வேண்டும். 55 வாங்கியவருக்குப் பழைய அட்டவணை 5 புள்ளி கொடுத்தது, புதிய அட்டவணை 6 கொடுத்தது, அவ்வளவுதான் மாற்றம். 60-க்கு மேல் வாங்கியவருக்கு இரண்டு அட்டவணையிலும் புள்ளி ஒன்றே: 65-க்கு 7, 75-க்கு 8, 85-க்கு 9. அந்தப் பெண்ணின் பட்டியலில் 60-க்குக் கீழ் ஒரு தாளும் இல்லை, ஆகவே புதிய அட்டவணையால் அவளுக்கு அரைப்புள்ளிகூட ஏறவில்லை. ஆனால் வாய்பாடு என்ன பார்க்கிறது? அண்ணனுக்கு 10-க்கும் 5-க்கும் நடுவே ஐந்து புள்ளி இடைவெளி, தங்கைக்கு 10-க்கும் 6-க்கும் நடுவே நான்கே புள்ளி. உச்சத்திலிருந்து இருவருமே 2.4 புள்ளி கீழே நிற்கிறார்கள், அந்த 2.4 அண்ணனின் அளவுகோலில் பாதிக்கும் குறைவு, தங்கையின் அளவுகோலில் பாதிக்கும் அதிகம். அளவுகோலின் அடிப்பகுதியில் ஒரு துண்டை நறுக்கி எடுத்தவர்களுக்கு, அந்தத் துண்டு ஒரு மாணவியின் விண்ணப்பத்தில் என்ன செய்யும் என்று தோன்றியிருக்காது.

இது ஒரு விதிமுறையோடு முடியும் சிக்கல் அல்ல. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பாடங்களுக்குத் தேர்ச்சி 40, பொறியியலுக்கு 50. இரு பக்கத்திலும் 75 வாங்கிய இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 40-ஐத் தேர்ச்சியாகக் கொண்டவருக்கு 2.2 வருகிறது, 50-ஐத் தேர்ச்சியாகக் கொண்டவருக்கு 2.5. தேர்ச்சிக் கோட்டை உயர்த்திக் கண்டிப்பாக நடந்துகொள்ளும் பல்கலைக்கழகத்தின் மாணவர்தான் தரம் குறைந்தவராகக் காட்டப்படுகிறார். இந்த ஒன்றை மட்டும் எத்தனை முறை யோசித்தாலும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மேல்நுனியிலும் இதே கோளாறு உண்டு. 100 என்று அச்சிட்டிருப்பதாலேயே 100 கிடைத்துவிடுவதில்லை. பிரிட்டனில் 70 வாங்கினாலே முதல் வகுப்பு, 40-இல் தேர்ச்சி. வாய்பாட்டை அப்படியே பொருத்தினால் அந்த முதல் வகுப்புக்குக் கிடைப்பது 2.5. பிரான்சில் 20-க்கு 16 என்பது 'மிக நன்று'. 20-ஐ யாரும் எளிதில் தருவதில்லை. நம் ஊரிலேயே கணிதத்தில் 100-க்கு 100 சாதாரணம், இலக்கியத்தில் 75 வாங்கியவரை ஆசிரியர்கள் பெயர் சொல்லி நினைவில் வைத்திருப்பார்கள்.

வாய்பாட்டை வெறும் அநீதி என்று சொல்ல நான் வரவில்லை. ஜெர்மன் பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் போன்ற ஓர் அமைப்பு உலகெங்கிலும் இருந்து வரும் விண்ணப்பங்களைப் பார்க்கிறது. ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நடைமுறையையும் ஓர் அலுவலர் அறிந்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எல்லோருக்கும் ஒரே கணக்கு, அதுவும் வெளிப்படையான கணக்கு என்பதில் ஒரு நேர்மை இருக்கிறது. மாணவர் வீட்டில் உட்கார்ந்தே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஜெர்மன் மாநிலக் கல்வி அமைச்சர்களின் மாநாடு இந்தக் கணக்கை வகுத்தது பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கான பள்ளிச் சான்றிதழ்களுக்காக. அதையே பட்டப்படிப்புக்கும் எடுத்தாண்டு, 2.5-க்கு மேல் 0.1 கூடினாலும் கோப்பைத் திறக்காமலே மூடுவது, அந்தக் கணக்கால் தாங்க முடியாத பாரத்தை அதன் தலையில் ஏற்றுவதாகும்.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்குள் இதைவிட நல்ல வழி ஒன்றை வைத்திருக்கின்றன. அவர்களின் கிரெடிட் முறையில் முன்பு, தேர்ச்சி பெற்றவர்களில் முதல் 10 விழுக்காட்டினருக்கு ஏ, அடுத்த 25-க்கு பி, அடுத்த 30-க்கு சி, பின்னர் 25-க்கு டி, கடைசி 10-க்கு ஈ என்று பிரித்தார்கள். 2009-இல் அதைக் கைவிட்டு, ஒவ்வொரு துறையும் தன் மாணவர்களில் எத்தனை விழுக்காட்டினர் எந்தத் தரம் பெற்றார்கள் என்ற அட்டவணையை வெளியிடும் முறைக்கு மாறினார்கள். 7.6 என்ற எண் தனியாக எதையும் சொல்வதில்லை. அந்தத் துறையில் 7.6-க்கு மேல் வாங்கியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேரா, நாற்பது பேரா என்பதுதான் சேர்க்கைக் குழுவுக்குத் தெரிய வேண்டிய செய்தி. அந்த எண்ணிக்கை நம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகங்களின் கணினியில் இருக்கிறது. பட்டமளிப்பு விழாவுக்குத் தரவரிசைப் பட்டியல் போடுகிறவர்களால் இந்த அட்டவணையையும் போட முடியும்.

நம் பக்கம் இருந்து மாணவருக்குக் கொடுத்தனுப்புவதோ ஒரு பெருக்கல் வாய்பாடு. ஓரிடத்தில் சிஜிபிஏயை 10-ஆல் பெருக்கு என்கிறார்கள், இன்னோரிடத்தில் முதலில் 0.75-ஐக் கழி என்கிறார்கள். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்கு 9.5-ஆல் பெருக்கச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். 7.6-ஐ 76 விழுக்காடு என்று எழுதுவதால் அதற்குப் பொருள் கூடிவிடாது.

அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னது இதுதான்: பட்டியலின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய், தரப்புள்ளி அட்டவணை அங்கேதான் அச்சாகியிருக்கிறது, அதோடு, இரண்டு விதிமுறைகளிலும் தேர்ச்சி மதிப்பெண் 50 என்றும், புதிய விதிமுறையில் 6 புள்ளி என்பது 50 முதல் 60 வரையிலான மதிப்பெண்ணைக் குறிக்கிறது என்றும் ஒரு கடிதம் வாங்கு. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்கு, கல்வி ஆவணங்களைச் சரிபார்க்கும் ஜெர்மன் அமைப்பான ஏபிஎஸ்ஸின் சான்றிதழும் கட்டாயமாகிவிட்டது, ஆனால் அது ஆவணங்கள் உண்மையானவை என்று சொல்லும், அளவுகோலின் கதையைச் சொல்லாது. கடிதத்துக்காக அவள் மூன்று முறை அலுவலகத்துக்குப் போனாள். அப்படி ஒரு படிவமே இல்லை என்றார்கள், விண்ணப்பத்தை எந்தத் தலைப்பில் பதிவுசெய்வது என்று தெரியவில்லை என்றார்கள். நான்காம் முறை நானும் உடன் போனேன். மாலை நாலரை மணிக்கு முத்திரை வைத்து, கையெழுத்திட்டு, ஒரு பக்கத்தில் ஐந்து வரிகள் கிடைத்தன.

அந்த ஐந்து வரிகளைப் பட்டச் சான்றிதழோடு எல்லா மாணவருக்கும் கேட்காமலே கொடுங்கள் என்பதுதான் நம் பல்கலைக்கழகங்களிடம் என் வேண்டுகோள். ஆறாவது வரியாக, அந்தத் துறையில் அந்த ஆண்டு யார் யார் எந்த அளவில் நின்றார்கள் என்ற விழுக்காட்டையும் சேர்த்துவிடுங்கள். ஜூலை 15 கெடுவுக்கு முன்னால் அவள் கடிதத்தை இணைத்து நான்கு பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினாள். மூன்று 2.8 என்றே கணக்கிட்டுத் திருப்பிவிட்டன. ஒன்று அவளுடைய பாடத்திட்டத்தையும் மதிப்பெண்களையும் வரிவரியாகப் படித்து, நேர்காணலுக்கு அழைத்தது.