தணிக்கைக்காரர் தூங்கவில்லை

கார்ட்டூன்களில் பெரியவர்களுக்கான நகைச்சுவை நுழைந்ததற்குத் தணிக்கையாளரின் கவனக்குறைவுதான் காரணம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. பாதிதான் சரி.

அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனங்களில் தணிக்கை வேலையைச் செய்யும் ஒழுங்குமுறைப் பிரிவு முதலில் ஸ்கிரிப்டைப் படிக்கும், அடுத்து ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்த படங்களைப் பார்க்கும், கடைசியில் முடிந்த படத்தை. ஸ்கிரிப்டில் வெறும் வசனம்தான் இருக்கும். குரலின் இழுப்பு, ஒரு நொடி மௌனம், பின்னணிச் சுவரில் இருக்கும் பலகை எதுவும் அதில் தெரியாது. அவை தெரியவரும்போது அனிமேஷன் முடிந்திருக்கும். திரும்ப வரைவது பெருஞ்செலவு.

குழந்தைகள் சேனலான நிக்கலோடியனில் 1993இல் தொடங்கிய 'ராக்கோஸ் மாடர்ன் லைஃப்' கார்ட்டூன் தொடர் இதற்கு நல்ல உதாரணம். வேலை போன ராக்கோ, தொலைபேசியில் உணர்ச்சியே இல்லாமல் "ஓ பேபி, ஓ பேபி" என்று சொல்லும் வேலையில் உட்கார்ந்திருப்பான். வசனத்தை மட்டும் படித்தால் அதில் எதை வெட்டுவது? அது ஆபாசப் பேச்சுக்கான தொலைபேசிச் சேவை என்று காட்டுவது சுவரில் உள்ள அறிவிப்புதான். ஆனால் இப்படிப்பட்ட நகைச்சுவை திரும்பத் திரும்ப வந்தால் மாட்டிக்கொள்ளும். அதே தொடரில், சுயஇன்பத்தைக் குறிக்கும் ஆங்கிலக் கொச்சை வழக்கை நினைவூட்டும் 'சோக்கி சிக்கன்' என்ற உணவகம் நான்காவது சீசனில் 'சூயி சிக்கன்' ஆனது அப்படித்தான்.

தூண்டில் உத்தி இன்னும் பழையது: வெட்டுவதற்கென்றே மோசமான ஒன்றை வைத்து, வேண்டியதைக் காப்பாற்றுவது. அமெரிக்கக் கார்ட்டூன் இயக்குநர் பாப் கிளாம்பெட்டின் 'ஆன் இட்ச் இன் டைம்' (1943) படத்தில் பின்புறத்தைத் தரையில் தேய்த்து ஓடும் நாய் நின்று, "இதை நிறுத்தணும், பிடிச்சுப் போயிடும் போல" என்கிறது. வெட்டுப்படும் என்று நினைத்தே வைத்தார்களாம். தூண்டிலே படத்தில் தங்கிவிட்டது!