ஜெர்கின் இருக்கட்டும், கிளவுஸ் எங்கே?

சேலத்துக்காரர்களிடம் குளிரைப் பற்றிப் பேசிப் பாருங்கள், சிரிப்பார்கள். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி வெயிலில் வெந்து கிடக்கிற ஊர் இது. "நமக்கென்னங்க பெரிய குளிரு, மார்கழி, தையில ரெண்டு மாசம் ஃபேனை நிறுத்திட்டுப் படுப்போம், அவ்வளவுதானே" என்பார்கள். ஊருக்குள் இருக்கும்வரை அது சரிதான். அதே நினைப்போடு வண்டியை எடுத்துக்கொண்டு ஏற்காட்டுக்குக் கிளம்பும்போதுதான் வினை.

மலையேறும் பையன்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சைலன்சருக்குச் செலவு செய்திருப்பார்கள், முன்னால் இரண்டு லைட் கூடுதலாக மாட்டியிருப்பார்கள், ஜெர்கின்கூட நல்லதாக இருக்கும். கையைப் பார்த்தால் வெறுங்கை. என் கட்சி இதுதான்: குளிர்காலத்தில் மலையில் வண்டி ஓட்டுகிறவர் முதலில் வாங்க வேண்டியது கிளவுஸ். ஜெர்கின் அடுத்தது. ஹெல்மெட்டை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை, அதைப் போடாதவரோடு எனக்குப் பேச்சே இல்லை.

சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அடிவாரத்தில் ஒரு டீ குடித்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி முடிப்பதற்குள் எட்டு டிகிரி காணாமல் போய்விடும். மாலையில் வேலை முடிந்து ஐந்து மணிக்குக் கோரிமேட்டைத் தாண்டும்போது முதுகில் வெயில் அடிக்கும். அந்த நேரத்தில் யாருக்குத்தான் கையுறை ஞாபகம் வரும்? மலைமேல் இருக்கிற வாழவந்தியோ நாகலூரோ போய்ச் சேர வேண்டியவர்கள் இருட்டில் அரைக்கைச் சட்டையோடு விறைத்துக்கொண்டு போவது இப்படித்தான்.

மார்கழி, தை அதிகாலையில் மேலே 12, 13 டிகிரி சாதாரணம். வீட்டு வாசலில் நின்றால் அது சுகமான குளிர். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கதை மாறுகிறது. காற்றோடு சேர்ந்து குளிர் தோலுக்கு எப்படி உறைக்கும் என்று கணக்கிட வானிலைக்காரர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். 10 டிகிரி குளிரில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஏழரை டிகிரியில் நிற்பது போல இருக்கும். 40 கிலோமீட்டரில் ஆறு. 60 கிலோமீட்டரில் ஐந்து. இதில் கவனிக்க வேண்டியது, முதல் இருபது கிலோமீட்டர் வேகமே பாதி வேலையை முடித்துவிடுகிறது. "மெதுவாத்தானே போறேன், எனக்கெதுக்கு?" என்று கேட்கிற டிவிஎஸ் எக்ஸ்எல் அண்ணன்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

சரி, குளிரட்டுமே, நடுங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட மாட்டோமா? இங்கேதான் பலரும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். உடம்புக்குக் குளிர் தாங்கவில்லை என்றால் அது நெஞ்சையும் வயிற்றையும்தான் முதலில் காப்பாற்றும். கை கால்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். விரல் நுனிதான் முதல் பலி. தோல் மரத்துப்போகும், தசை மெதுவாகும், நரம்பில் போகும் செய்தியும் மந்தமாகும். ஒரு பைக்கில் உயிர் காக்கிற சாமான் எல்லாமே விரல் நுனியில்தான் இருக்கிறது. முன் பிரேக் வலது கை விரல்களில், கிளட்ச் இடது கை விரல்களில், முக்கு திரும்பும்போது அடிக்க வேண்டிய ஹார்ன் இடது கட்டைவிரலில்.

40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடும். விறைத்த விரல் பிரேக்கைப் பிடிக்க அரை நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டால் ஐந்தரை மீட்டர் போய்விடும். வளைவில் எதிரே பஸ் அகலமாக எடுத்துத் திரும்பும்போதோ, பொழுது சாய்ந்த நேரத்தில் ரோட்டோரம் காட்டெருமை நிற்கும்போதோ அந்த ஐந்தரை மீட்டருக்கு என்ன விலை என்று யோசித்துக்கொள்ளுங்கள். நேரம் தாமதிப்பது ஒரு பக்கம். மரத்த விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாது என்பது இன்னொரு பக்கம். ஒன்று போதாமல் பிடிப்போம், இல்லை மொத்தமாக அமுக்கி முன்சக்கரத்தை வழுக்க விடுவோம்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் மோசம். ஏறும்போது இன்ஜின் சூடாக இருக்கும், வேகம் குறைவு, கியர் மாற்றி மாற்றி உடம்பும் கொஞ்சம் வேலை செய்துகொண்டிருக்கும். காலையில் இறங்குகிறவருக்கு இது எதுவும் கிடையாது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அடிவாரம்வரை இரண்டு பிரேக்கையும் பிடித்தபடியே வர வேண்டியதுதான். பிரேக் சூடேறிப் பிடிமானம் குறைவது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அசையாமல் லீவரைக் கவ்விக்கொண்டிருக்கும் விரல்கள் காற்றில் இன்னும் சீக்கிரமாக மரத்துப்போவதை யாரும் சொல்வதில்லை. செகண்ட் கியரில் போட்டு இறக்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், விரலை அவ்வப்போது விரித்து மடக்க முடியும்.

மலையேறுகிறவர்களிடம் ஒரு எளிய சோதனை உண்டு. கட்டைவிரல் நுனியால் சுண்டுவிரல் நுனியைத் தொட்டுப் பாருங்கள். சட்டென்று தொட முடிந்தால் பரவாயில்லை. தடுமாறினால் அந்தக் கையை நம்பி அடுத்த வளைவுக்குப் போகக் கூடாது. ஓரமாக நிறுத்தி, இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். டீக்கடை இருந்தால் இன்னும் நல்லது, டம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் பிடித்துக்கொள்ளலாம். சிலர் இன்ஜின் மேல் கையை வைத்துச் சூடேற்றுவார்கள். மரத்த கைக்குச் சுடுவது தெரியாது, தோல் வெந்த பிறகுதான் தெரியும்.

கிளவுஸ் என்றதும் கம்பளிக் கிளவுஸை எடுத்துக் காட்டுகிறார்கள். அது நின்றுகொண்டிருப்பவருக்கு. ஓடுகிற வண்டியில் காற்று அதன் கண்ணிகளுக்குள் புகுந்து வெளியே போகும், பனியில் நனைந்தால் வெறுங்கையே தேவலை, லீவரும் வழுக்கும். காற்றைத் தடுக்கிற தோலோ ரெக்சினோ வெளிப்பக்கம் இருக்க வேண்டும். கம்பளிதான் கைவசம் இருக்கிறது என்றால் உள்ளே மருந்துக்கடையில் விற்கும் மெல்லிய ரப்பர் கையுறை ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். கை வேர்க்கும், ஆனால் காற்று நுழையாது. வடமாநிலங்களில் குளிர்காலம் வந்தால் கைப்பிடி, லீவர், ஸ்விட்ச் எல்லாவற்றையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு உறையை வண்டியிலேயே மாட்டிவிடுவார்கள். கையை அதற்குள் நுழைத்துக்கொண்டு ஓட்ட வேண்டியதுதான். பார்க்க அழகாக இருக்காது. சேலத்தில் சீட் கவர் தைக்கிற எந்தக் கடையிலும் அளவு கொடுத்தால் தைத்துவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். மாட்டியதும் வண்டியை நிறுத்திவைத்தே நாலு தடவை கையை உள்ளே விட்டு எடுத்துப் பழகுங்கள். அவசரத்துக்குக் கை வெளியே வராவிட்டால் அதுவே ஆபத்து.

நெஞ்சு சூடாக இருந்தால் உடம்பு கைக்கு அனுப்பும் ரத்தத்தைக் குறைக்காது. ஆகவே கிளவுஸுக்கு அடுத்த இடம் நெஞ்சுக்கு. இந்த விஷயத்தில் எனக்கு வாத்தியார், மலையிலிருந்து கீழே சந்தைக்குச் சரக்கு இறக்கும் ஒரு பெரியவர். சட்டைப் பொத்தானைக் கழற்றி, தினத்தந்தியை அகலமாக விரித்து, கழுத்திலிருந்து இடுப்புவரை படிய வைத்து, மேலே பொத்தானைப் போட்டுக்கொள்வார். "ஸ்வெட்டருக்குள்ள காத்து பூந்துரும் தம்பி, பேப்பர்ல பூராது" என்றார். "இன்னிக்குப் பேப்பரா ஐயா?" என்று கேட்டதற்கு, "நேத்துப் பேப்பர் போதும், குளிருக்கு என்ன புது நியூஸா வேணும்?" என்றார். இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. கீழே இறங்கியதும் எடுத்துப் போட்டுவிடலாம். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே விஷயம், மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு ஹெல்மெட்டைச் சைடு கண்ணாடியில் தொங்கவிடுவது. மப்ளர் முனை பறந்து பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் கழுத்தையே இழுத்துவிடும். துப்பட்டாவுக்கும் இதேதான்.

அப்புறம் இந்த "குளிருக்கு ஒரு கட்டிங்" கதை. ஏற்காட்டுக்கு வருகிற கூட்டத்தில் இதை வைத்தியமாகவே நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சாராயம் உள்ளே போனால் தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரியும், உள்ளே இருக்கும் சூடு தோலுக்கு வரும், அதனால் கதகதப்பாகத் தோன்றும். அந்தச் சூடு அப்படியே காற்றில் போய்விடும். மொத்தத்தில் உடம்பு இன்னும் வேகமாகக் குளிரும், அது தெரியாத மாதிரி மூளையும் மங்கும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம் என்பது தனி. சிகரெட் நேர்மாறு, நிகோடின் விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ஏற்கெனவே மரத்துப்போகிற விரலுக்கு அதுதான் குறைச்சல்.

வண்டியைப் பற்றி யாரும் ரொம்பக் கவலைப்பட வேண்டியதில்லை. நம் மலைக் குளிர் வண்டிக்கு ஒரு பொருட்டே இல்லை. பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் சோக்கை இழுத்துவிட்டு உதைக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு புதுப் புகை விதிப்படி வந்த பிஎஸ்-6 வண்டிகள் பெரும்பாலும் இன்ஜெக்ஷன்தான், அதற்குச் சோக்கும் கிடையாது. காலங்காத்தாலே வீட்டு வாசலில் உர்ர் உர்ர் என்று முறுக்கி அக்கம்பக்கத்தை எழுப்பவும் தேவையில்லை. அரை நிமிடம் விட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பினால் போதும். 12 டிகிரியில் பேட்டரி சாகாது. செத்துப்போனால் அது ஏற்கெனவே சாகக் கிடந்த பேட்டரி. டயரில் காற்று குறையுமே என்பார்கள். உண்மைதான், சேலத்துப் பகல் சூட்டில் அடித்த காற்று ஏற்காட்டு அதிகாலையில் சுமார் மூன்று பவுண்டு குறையும். ஆனால் அந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, அதனால் கேஜில் கிட்டத்தட்ட இரண்டு பவுண்டு கூடக் காட்டும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது ஒரு பவுண்டு. மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: கிளவுஸ் போட்ட கைக்கு ஏற்றபடி பிரேக், கிளட்ச் லீவர்களின் இடைவெளியைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.

ரோட்டில் பயப்பட வேண்டியது பனி ஈரத்தில் ஊறிய இலைகளுக்கு. எஸ்டேட் ஓரங்களில் சில்வர் ஓக் நிழல் விழும் வளைவுகளில் பத்து மணிவரைக்கும்கூட வெயில் படாது. மூட்டம் வந்தால் ஹை பீம் போடாதீர்கள், வெள்ளைச் சுவர் மாதிரி வெளிச்சம் திரும்பி உங்கள் கண்ணில்தான் அடிக்கும். ஹெல்மெட் கண்ணாடியில் ஆவி படிந்தால் ஒரு விரல் அளவு திறந்துவைத்துக்கொள்ளுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு நீரை ஒரு சொட்டு உள்பக்கம் தேய்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பினால் ரொம்ப நேரம் ஆவி படியாது.

இவ்வளவும் எழுதக் காரணம், சனி ஞாயிறு சுற்ற வருகிற கூட்டம் அல்ல. அவர்கள் குளிரை அனுபவிக்க வருகிறார்கள், பிடிக்காவிட்டால் திரும்பிப் போய்விடுவார்கள். தினமும் இதில் ஓடுகிறவர்கள் வேறு. காபிப் பழம் பறிக்கும் சீசனும் இந்தக் குளிரும் ஒரே நேரத்தில்தான் வருகின்றன. விடியும் முன்பே எஸ்டேட்டுக்குப் போகிற மேஸ்திரிகள், மேலே இருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும் ஏறுகிற வாத்தியார்கள், கிளார்க்குகள், கீழே ஆஸ்பத்திரிக்கு நைட் டியூட்டி வந்துவிட்டுத் திரும்புகிற பெண்கள். மலையை விடுங்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து நாலு மணிக்கே எக்ஸ்எல்லில் மூட்டை கட்டி அம்மாபேட்டை உழவர் சந்தைக்கு வருகிற விவசாயியும், வீடு வீடாகப் பேப்பர் போடுகிற பையனும், பால் பாக்கெட் டிரே ஏற்றிவருகிறவரும் இதே விரலை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆக, மார்கழியோடு முடிகிற சமாச்சாரமும் இல்லை.

ஆளை வைத்து டெலிவரி செய்கிற கடைகள், ஏஜென்சிகள், எஸ்டேட்டுகள் எல்லாம் பெயர் போட்ட டி-ஷர்ட், தொப்பி, பை கொடுக்கின்றன. கிளவுஸ் கொடுத்த ஒரு முதலாளியையும் நான் பார்த்ததில்லை. ஒரு தடவை டேங்க் நிரப்புகிற காசுக்குள் நல்ல ஜோடியே கிடைக்கிறது. பொங்கலுக்கு வேட்டி சட்டை எடுத்துக்கொடுக்கிற மனசு இருக்கிறவர்கள் கார்த்திகை முடிவதற்குள் இதையும் வாங்கிக் கொடுத்துவிடலாம். ஒன்று மட்டும், மொத்தமாக ஒரே அளவில் வாங்கி அடுக்காதீர்கள். ஆளைக் கூப்பிட்டுக் கையில் மாட்டிப் பார்த்து வாங்குங்கள். நுனி தொளதொள என்று இருக்கிற கிளவுஸ் லீவருக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.